சுண்ணாம்பு ஒட்டாத முதுகு

"பலகையில முதுகு ஒட்ற மாதிரி நேரா நில்லுங்கம்மா," என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். அம்மாவால் முடியவில்லை.

என் பத்து வயதில் எங்கள் ஊர் வயல்களெல்லாம் மனைகளாயின. நடவுப் பெண்களுக்கு அம்மாதான் தலைவி. குனிந்தே பழகியவர்களை, நாள் முழுக்க நின்று செய்யும் கம்பெனி வேலைக்குப் பழக்க, எங்கள் சுண்ணாம்புச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். முதுகில் வெள்ளை ஒட்டியவர்களுக்குத்தான் கம்பெனி வேனில் இடம்.

அம்மாவின் அக்கா அஞ்சலைக்கு ஒட்டவேயில்லை.

"முதுகு ஒட்டணும்க்கா. இன்னாத்துக்குக் குனியற, அங்க நாத்தா கீது?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் பெரியம்மா தன் முதுகில் சுண்ணாம்பு பூசிவிடச் சொன்னாள். பூசினேன். வேனருகே அம்மா அதை விளக்குமாற்றால் தட்டிவிட்டாள்.

"வூட்டுக்குப் போக்கா. உன்னால இவளுங்க வேலையும் பூடும்."

வேன் கிளம்பியது.

இப்போது எக்ஸ்ரே பலகைமுன் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள்.

"முதுகு ஒட்டணும்மா," என்றேன்.