மூடிய கண் போட்ட புத்தகம்

கொளஞ்சி பிழைப்புக்கு ஓட்டியது டிப்பர் லாரி. சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போய்ச் சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஏறக்குறைய இருபது வருடம் அதைத்தான் செய்தார். உடையார்பாளையத்துக்குக் கிழக்கே முந்திரிக் காட்டை ஒட்டி வீடு, கொஞ்சம் மானாவாரி நிலம். குடி கிடையாது, சீட்டு கிடையாது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டியதும், முதுகு வலிக்கு மருந்துக்கடையில் அவ்வப்போது வாங்கிப் போட்டுக்கொண்ட மாத்திரைகளும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். உறுதியாகச் சொல்லவில்லை. கால் வீங்கியபோது செருப்பு கடிக்கிறது என்று நினைத்தார் கொளஞ்சி. முகம் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்தார். அரியலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன.

அதற்குப் பிறகு வாழ்க்கை பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் என்று ஆனது. காலையில் பஸ் ஏறி அரியலூர் போய், கையில் இரண்டு ஊசிகளைக் குத்திக்கொண்டு, தன் ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்புவதைப் பார்த்தபடி அரைப் பகல் படுத்திருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் இது. தண்ணீரை அளந்துதான் குடிக்கலாம். பொட்டாசியம் ஏறிவிடும் என்று பழம் கூடாது, இளநீர் கூடாது, காயை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும். முந்திரிப்பழம் பழுத்து வீட்டுக் கொல்லை முழுக்க வாசம் வீசிய மாதத்தில் அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தார்.

மனைவி ஜெயசுதா முந்திரிக்கொட்டை உடைக்கும் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். மகள் சுவாதி கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு விருத்தாசலத்தில் இருந்தாள். திருச்சியில் பெரிய டாக்டர், "மாத்து சிறுநீரகம் வச்சா நல்லா இருக்கலாம், வூட்டுல யாராவது குடுப்பாங்களா?" என்று கேட்டபோது, கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாய் திறப்பதற்குள் ஜெயசுதா சொன்னாள்: "என்னோடது இருக்கே சார்."

திரும்பி வரும் பஸ்ஸில் கொளஞ்சிக்கு அழுகை வந்தது. இருபத்தைந்து வருடத்தில் மனைவிக்கு என்ன செய்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தார். பெரிதாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. பரிசோதனைகள் எல்லாம் முடிந்தன. பொருந்துகிறது என்று சொன்னார்கள். இனி இரண்டு பேரும் உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் ஒரு குழுவின் முன் போய் நிற்க வேண்டும், மனைவி முழுச் சம்மதத்தோடுதான் கொடுக்கிறேன் என்று வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் ஒரு தேதி கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குப் புத்தகம் வந்தது.

'உனக்குள் விழித்திருப்பவன்' என்று பெயர். வெளிர்நீல அட்டையில் மூடிய ஒரு கண் மட்டும் போட்டிருக்கும். அப்போது அதைப் படிக்காதவர்கள் இல்லை என்றே சொல்லலாம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கியது, பெரம்பலூர்ப் புத்தகக் காட்சியில் அதற்கென்றே தனி மேசை போட்டிருந்தார்கள். பட்டறையில் ஜெயசுதாவுக்குப் பக்கத்தில் உட்காரும் அனுசுயா அதை வாசித்துத் தன் ஒற்றைத் தலைவலி போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாள். ஜெயசுதா இரவல் வாங்கி வந்து ஒரே மூச்சில் முடித்தாள். பிறகு தனக்கென்றே ஒன்று வாங்கினாள்.

கடவுள் வெளியே இல்லை, உன் மூச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று புத்தகம் ஆரம்பித்தது. யாரையும் பகைக்காதே, நடந்ததை எல்லாம் மன்னித்துவிடு என்றது. அதுவரைக்கும் கொளஞ்சிக்கும் பிடித்திருந்தது. நடுவில் நோயைப் பற்றி ஓர் அத்தியாயம். 'நோய் என்பது நீ அவனிடம் சொல்லாமல் விழுங்கிய அழுகை. முழுமனதாக அவனிடம் ஒப்படைத்தவனின் உடம்பைக் கத்தி தொட வேண்டியதில்லை' என்று அதில் இருந்தது.

ஜெயசுதா மாறிப்போனாள். கொஞ்ச நாளாகப் படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தவள் இப்போது படுத்தவுடன் தூங்கினாள். எரிந்து விழுவது நின்றது. சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்துவிட்டுக் கண்ணை மூடச் சொல்வாள். கொளஞ்சி மூடிக்கொள்வார். உள்ளே யாரும் விழித்திருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. நாக்கு வறண்டிருப்பது மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் மனைவி முகம் தெளிந்திருப்பதைப் பார்க்க நன்றாக இருந்ததால் தலையை ஆட்டிவைத்தார்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அவள் புத்தகத்தைப் பையில் வைத்தாள். "சும்மாதானே படுத்திருக்கீங்க, படிங்க."

அடுத்த கட்டிலில் சுந்தராம்பாள் அம்மா படுத்திருப்பார். சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. "என்ன தம்பி படிக்கிற, கொஞ்சம் சத்தமா படியேன்" என்றார். கொளஞ்சி எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். டீச்சர் கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

"எங்கம்மா பேசற மாதிரியே இருக்கு தம்பி."

"நோவு போயிடும்னு போட்டிருக்கே டீச்சர், போயிடுமா?"

"அதையெல்லாம் நான் கேக்கல. பேச்சுத்துணைக்கு ஆச்சு. அது போதும் எனக்கு."

மறுபக்கக் கட்டிலில் அறிவழகன். செந்துறைப் பக்கத்துப் பையன், டிப்ளமா படித்துவிட்டு ஆலையில் ஒப்பந்த வேலையில் இருந்தவன். நிச்சயம் செய்த பெண் வீட்டார் விஷயம் தெரிந்து விலகிக்கொண்டார்கள். அவனுக்கு இந்தப் பேச்சே எரிச்சலாக இருந்தது. "அண்ணே, பொட்டாசியத்துக்கு உங்க சாமிய தெரியுமான்னு அத எழுதின ஆளுகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று சிரித்தான். ஊசி குத்த வந்த பரிமளா சிஸ்டரும் சேர்ந்துகொண்டார். "ஆளுக்கொண்ணு சொல்றீங்க. தண்ணிய அளவா குடிங்கன்னு அதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா? இருந்தா நானும் ஒண்ணு வாங்குறேன்."

சில வாரங்கள் இப்படியே கிண்டலும் வாசிப்புமாக ஓடின. நோயைப் பற்றிய அத்தியாயம் வரும்போதெல்லாம் அறிவழகன் காதுக்குள் செருகியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிடுவான். கொளஞ்சி அதைக் கவனித்தார், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மெஷினை நிறுத்தி ஊசியை எடுத்த பிறகு அவன், "அண்ணே, அதைக் குடுங்க. என்னதான் அளக்குறான்னு வூட்டுல வச்சுப் பாக்குறேன்" என்றான். கொளஞ்சி கொடுத்தார்.

அடுத்த முறை அவன் கிண்டல் செய்யவில்லை. அதற்கடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு உதடு அசையப் படுத்திருந்தான். பிறகு ஒருநாள் கட்டில் காலியாக இருந்தது.

கொளஞ்சி போன் போட்டார்.

"வரலையா தம்பி?"

"இல்லண்ணே. ஒண்ணும் செய்யல, உடம்பு லேசா இருக்கு. நேத்து கொஞ்சம் யூரின் கூட வந்துச்சுண்ணே."

"அப்படியெல்லாம் நிறுத்தக் கூடாதுப்பா. வந்து ஒருதடவை போட்டுக்கிட்டுப் போ."

"அண்ணே, நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க. மெஷினுக்கும் அவருக்கும் பாதிப்பாதி மனசு குடுக்க முடியாதுண்ணே."

அவன் குரலில் அத்தனை சந்தோஷம் இருந்தது. கொளஞ்சி பரிமளா சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் அவன் வீட்டுக்கே போன் செய்து அப்பாவிடம் சத்தம் போட்டார். அவர்கள் அழைத்து வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. அந்த வாரக் கடைசியில் மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துபோனான்.

கொளஞ்சி செந்துறைக்குப் பஸ் ஏறிப் போனார். பந்தலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் அப்பா அரியமுத்து உட்கார்ந்திருந்தார். கூலிவேலை செய்து மகனைப் படிக்கவைத்தவர். கொளஞ்சி யாரென்று தெரிந்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் புத்தகம் குடுத்தீங்களாமே. சொல்லிக்கிட்டே இருப்பான்."

அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கொளஞ்சி வந்திருந்தார்.

"நோவு வந்ததுலேருந்து எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாத பிள்ளைங்க. கடைசியா பத்து நாளு எங்கூடயே உக்காந்து சோறு தின்னான், சிரிச்சான், எங்கம்மா கதையெல்லாம் கேட்டான். நல்ல புத்தகங்க அது. நீங்க நல்லா இருக்கணும்." இரண்டு கையையும் கூப்பினார். "புத்தகத்த அவன் நெஞ்சுமேல வச்சே அனுப்பிட்டோம். உங்க பொருளு, கேக்காம வச்சுட்டோம். தப்பா நினைச்சுக்காதீங்க."

மெஷினுக்கு வராமல் நிறுத்தியதால் செத்தான் என்பது அந்த மனிதருக்குத் தெரியுமா, தெரிந்தும் இப்படிச் சொல்கிறாரா என்று கொளஞ்சியால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து வந்தார்.

சுந்தராம்பாள் டீச்சரிடம் சொன்னபோது அவர், "அது ஆறுதலுக்குப் படிக்கறது தம்பி. அவன் மருந்துச் சீட்டு மாதிரி படிச்சுட்டான்" என்றார். பரிமளா சிஸ்டர் அந்தக் கட்டிலின் விரிப்பை உருவி எடுத்தார். "இனிமே வார்டுக்குள்ள எந்தப் புத்தகமும் வேணாங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் ஜெயசுதா கேட்டுவிட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பையன் முழுசா நம்பியிருக்க மாட்டான்" என்றாள்.

"என்ன சொல்ற நீ?"

"மொதல்ல கிண்டல் பண்ணினான்னு நீங்கதானே சொன்னீங்க. பாதி நம்பிக்கை நம்பாததைவிடக் கெடுதல்னு அதுல போட்டிருக்குங்க."

கொளஞ்சி அவள் முகத்தைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. பயம்தான் வந்தது. திருச்சிக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"சுதா, வர்ற வாரம் திருச்சிக்குப் போவணும். ஞாபகம் இருக்குல்ல?"

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

"அது தேவைப்படாதுங்க."

"தேவைப்படாதுன்னா?"

"நான் அங்க வந்து கையெழுத்துப் போட்டா, அவரை நம்பலன்னுதானே ஆவும். நான் உங்களுக்காகத்தாங்க வேண்டிக்கிட்டிருக்கேன். நீங்களும் மனசாரக் கண்ணை மூடுங்க, போதும். நீங்க நம்பாமதான் இது இழுத்துக்கிட்டே போவுது."

கொளஞ்சி சுவரில் சாய்ந்தார். திருச்சியில் சிறுநீரகம் கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகுதானே அவள் தூக்கமில்லாமல் புரண்டாள் என்று யோசித்துப் பார்த்தார். குழம்புக்கு உப்பு போட்டோமா என்று மறந்ததும், பட்டறையில் விரலை நசுக்கிக்கொண்டதும் அந்த நாட்களில்தான். டாக்டர் கேட்டவுடன் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அடிவயிற்றைக் கிழித்து ஓர் உறுப்பை எடுப்பார்கள் என்ற நினைப்போடு தினமும் கொட்டை உடைத்திருக்கிறாள். பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வாள்? புருஷனிடம் சொல்ல முடியுமா, பெற்ற மகளிடம் சொல்ல முடியுமா? புத்தகம் வந்ததிலிருந்துதான் தூங்கினாள். 'கத்தி தொட வேண்டியதில்லை' என்ற வரியை அவள் யாருடைய உடம்பை நினைத்து வாசித்தாள் என்பது அவருக்கு விளங்கியது. அவளுக்கே அது விளங்கியிருக்குமா என்பது தெரியவில்லை.

எடுத்துச் சொல்லியிருக்கலாம். அறிவழகன் சாவைச் சொல்லி வாதாடியிருக்கலாம். சுவாதியை வரவழைத்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். மச்சான் கலையரசன் அப்படித்தான் செய்யச் சொல்லிப் போனில் கத்தினார். கொளஞ்சி கேட்டுக்கொண்டார். ஒருதடவை அவளாகக் கொடுக்கிறேன் என்றாள். அவளே பின்வாங்கிவிட்ட பிறகு எந்த வாயால் மறுபடி கேட்பது?

திருச்சிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. மெஷினுக்குப் போகும் நாளாகவும் அது அமைந்ததால் வழக்கம்போல அரியலூர் பஸ் ஏறினார். சாலை முழுக்கச் சிமெண்ட் லாரிகள். அறிவழகன் கட்டிலில் வேப்பந்தட்டையிலிருந்து வந்த ஓர் ஆள் படுத்திருந்தார், புதுசு, மெஷின் சத்தம் போட்டபோதெல்லாம் மிரண்டார். டீச்சர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, படி என்று கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானம் திருச்சியிலிருந்து போன் வந்தது. "ஏன் சார் வரல?" என்று ஒரு பெண் கேட்டாள். "உடம்பு சரியில்லைங்க" என்றார் கொளஞ்சி. யாருக்கு என்று அந்தப் பெண் கேட்கவில்லை. வேறு தேதி வேண்டுமானால் நேரில் வந்து எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவர் போகவில்லை.

அன்று வீடு திரும்பும்போது கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. ஜெயசுதா ஓடிவந்து படுக்கவைத்துக் காலைப் பிடித்துவிட்டாள். உரிந்த விரல் நுனிகள் தோலில் சொரசொரவென்று பட்டன. அவள் அன்றைக்கு அவரைக் கண்ணை மூடச் சொல்லவில்லை. திருச்சியைப் பற்றியும் கேட்கவில்லை.

"கொஞ்சம் தேவலையாங்க?" என்றாள்.

"தேவலை" என்றார் கொளஞ்சி.

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.