ரோட்டில் விழுந்த பெண்ணும் எங்கள் கார் கேமராவும்

என் மனைவி ஸ்ரீரங்கத்தில் கால் டாக்ஸி ஓட்டுகிறாள். சொந்தக் கார். முன்கண்ணாடியில் கேமரா மாட்டிய அன்றே, அதில் பேச்சு பதிவாகாதபடி மைக்கை அணைத்துவிட்டாள். "சவாரி வர்றவங்க போன்ல குடும்ப விஷயம் எல்லாம் பேசுவாங்க. அது நமக்கு எதுக்கு?" என்றாள். கேமரா இருக்கிறது, ரோடு மட்டும்தான் பதிவாகும் என்று ஒரு அட்டையில் எழுதி, பின்சீட்டுக்காரர் கண்ணில் படும்படி ஒட்டியும் வைத்தாள். ரொம்பத்தான் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

போன ஆடியில் ஒரு காலை, திருவானைக்காவல் பக்கம் அவளுக்கு முன்னால் போன வேன் திடீரென்று இடதுபக்கம் ஒடித்து, ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண்ணைத் தட்டிவிட்டது. புடவை விலகி, கையில் ரத்தத்தோடு நடுரோட்டில் கிடந்தவரைத் தூக்கி உட்காரவைத்தது என் மனைவிதான். வேன் டிரைவரோ, "இந்தம்மாதான் குறுக்க வந்தாங்க" என்று சாதித்தான். காரில் கேமராவைப் பார்த்த கூட்டம், "வாட்ஸப்ல போடுங்கக்கா, ஊரே பார்க்கட்டும்" என்றது. அவள் போடவில்லை.

வீட்டில் அந்த வீடியோவைப் பார்த்ததும் நானும் அதையேதான் சொன்னேன்.

"அவங்க விழுந்து கிடக்கறதை அவங்க புள்ளைங்க போன்ல பார்க்கணுமா? நான் விழுந்திருந்தா நீங்க அனுப்புவீங்களா?"

போலீசில் கொடுக்க, விபத்து நடந்த பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டாள்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். "கேமராவுல இருக்கற மெமரி கார்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் எஸ்.ஐ.

"அதுல ஒரு வாரம் ரோட்டுல போனவங்க எல்லாம் இருக்காங்க சார். விபத்து மட்டும் பென் டிரைவ்ல இருக்கு. கார்டும் வேணும்னா எழுதிக் கேளுங்க, தரேன். வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து வேணும்."

அவள் குரலில் நடுக்கமே இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வக்கீலாம்மா?"

"டாக்ஸி டிரைவர் சார்."

வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இது தன் கேமராவில் பதிந்ததுதான் என்று அவளிடமும் எழுதி வாங்கிக்கொண்டார். வேன் டிரைவர் மேல்தான் வழக்குப் பதிவானது.

சில வாரம் கழித்து, கையில் கட்டோடு அந்தப் பெண் எங்கள் வீடு தேடி வந்தார். தென்னூரில் ஒரு துணிக்கடையில் வேலையாம். "வீடியோ எங்கயாவது வந்திருக்குமோன்னு போனைத் திறக்கவே பயந்துட்டிருந்தேங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அவர் தோளைத் தொட்டுவிட்டு என் மனைவி காபி போட உள்ளே போனாள். ஸ்டேஷனில் அவள் பேசியதை நான்தான் அவரிடம் சொன்னேன், எஸ்.ஐ. மாதிரியும் அவள் மாதிரியும் மாற்றி மாற்றிப் பேசி. ஒரு சொல் விடவில்லை.