படகுக்கு நான்கு குழவிக்கல்

கொச்சியில் ஒரு பாய்மரப் படகுக்கு எங்கள் கோயம்புத்தூர் பட்டறையில் செய்த மோட்டாரையும் லித்தியம் பேட்டரியையும் பொருத்தினோம். ஓட்டம், விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் இனி அதில்தான்.

கனமான பழைய பேட்டரிகளை இறக்கியதும் அந்தப் பக்கம் எடை குறைந்து படகு மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

இன்று பீளமேட்டில் ஒரு கிரைண்டர் கடைக்குப் போய் நான்கு குழவிக்கல் கேட்டேன்.

"எத்தனை லிட்டர் கிரைண்டருக்குங்க அம்மணி?"

"படகுக்குங்க. ஒரு பக்கம் எடை பத்தலைங்க."

கடைக்காரர் என்னையே பார்த்தார். "கல்லு போட்டா முழுகிப்போயிருமுங்களே?"

"முழுகாதுங்க. நேரா நிக்குமுங்க."

எடுத்து வைத்த கற்களை உள்ளே கொண்டுபோய்விட்டு வேறு நான்கு கொண்டுவந்தார்.

"கடலுக்குப் போறதுங்க. நம்மூரு பேரு கெட்றக்கூடாது."

மோட்டார், பேட்டரி, கல் எல்லாம் கோயம்புத்தூர். கடல் மட்டும்தான் கொச்சிக்காரர்களுடையது.

அதையும் செய்து தரும் பட்டறை இங்கே இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.