காலையில் முதலில் வரும் நோயாளி

அந்தக் கண் மருத்துவமனையில் பேய் இருப்பதைக் கண்டுபிடித்த பெருமை 'அசையாதீங்க'வையே சேரும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் மெஷின் முன்னால் மோவாயை வைத்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் "பச்சைப் புள்ளியைப் பாருங்க, அசையாதீங்க" என்று வருடக்கணக்காகச் சொன்னதில் அதுவே பெயராகிவிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பேய் பெரிய சேட்டை எதுவும் செய்வதில்லை. சுவரோரம் கிடக்கும் ஸ்டூலை நகர்த்தும். ஸ்கேன் அறையின் அரையிருட்டில் இவர் நடந்தால் முழங்காலுக்கு நேராக ஸ்டூல் வந்து நிற்கும். குப்பைக்கூடை தானாக வழிக்கு வரும். கொஞ்ச நாளில் பேய் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ஆதாரம், குளியலறை வாளி.

"நீ நகத்தினியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க. அது அங்கேயேதான் இருக்கு. நீங்கதான் தினம் அதை உதைச்சுட்டுக் குளிக்கப் போறீங்க."

விஞ்ஞானம் புழங்கும் இடத்தில் வேலை பார்ப்பவர் அல்லவா, பேயையும் முறைப்படியே பிடிக்க முடிவு செய்தார். ஸ்டூல் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டார். சாயங்காலம் பார்த்தால் ஸ்டூல் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. நடுவில் தாமே அதில் மோதிக்கொண்ட அற்ப விவரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. தினமும் காலையில் புது வட்டம் போட்டார்.

அதே சமயம் மாடியில் ஆய்வு டாக்டருக்கு வேறொரு பேய் அகப்பட்டது. அந்த அம்மாவின் ஆராய்ச்சி கிளாக்கோமா பற்றியது. வலிக்காமல், சொல்லாமல், கண்நரம்பை அரித்துக்கொண்டே போகும் நோய். போன பார்வை போனதுதான். பழைய ஸ்கேன்களையெல்லாம் கம்ப்யூட்டரில் கொட்டி, யாருக்கு நரம்பு வேகமாக மெலிகிறது என்று தேடியபோது எல்லோருக்கும் முன்னால் ஒரு நோயாளி வந்து நின்றார். பெயருக்குப் பதிலாக 'டெஸ்ட்'. போன் நம்பர் கிடையாது. தினமும் கதவு திறந்ததும் வந்து வலது கண்ணைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எந்த டாக்டரையும் பார்த்ததில்லை.

"காலையில முதல்ல வர்றது நான்தான் டாக்டர்," என்றாள் ரிசப்ஷன் அக்கா. "எனக்கே தெரியாம ஒருத்தர் உள்ள வந்துட்டுப் போறாரா? நாளையிலேருந்து நான் லேட்டாத்தான் வருவேன், சொல்லிட்டேன்."

இருவரும் ஸ்கேன் அறைக்கு இறங்கி வந்தார்கள்.

"இந்த ஆளை எப்படியாவது பிடிங்க," என்றார் டாக்டர். "உடனே மருந்து ஆரம்பிக்கலைன்னா பார்வை மொத்தமும் போயிடும்."

'அசையாதீங்க' திரையைப் பார்த்துச் சிரித்தார். "இதுவா? இது ஆளே இல்ல டாக்டர். மெஷின் ஒழுங்கா இருக்கான்னு தினம் ஒரு படம் எடுத்துப் பாப்பேன்."

"யார் கண்ணை?"

"என் கண்ணைத்தான்."

சொன்ன பிறகு சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. மோவாயைத் தாமே வைத்து, கையை வளைத்து மவுஸைத் துழாவி எடுத்த படங்கள். தெளிவுக்கு மெஷின் பத்துக்கு ஒன்பது போட்டால் "நல்லா இருக்கு" என்று மூடிவிடுவார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அதே திரையில், நரம்பின் கனத்தைக் காட்டும் பச்சை வளையம் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிக்கொண்டிருந்தது. ஊரார் கண் படங்களில் அந்தச் சிவப்பைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்கிறவர்.

"உக்காருங்க. ரெண்டு கண்ணும் எடுக்கணும்."

மெஷின் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மோவாயை வைத்ததும் பழக்கத்தில் கை மவுஸைத் துழாவியது.

"அசையாதீங்க," என்றார் டாக்டர். ரிசப்ஷன் அக்கா சிரிக்கவில்லை.

மத்தியானம் பார்வைப் பரப்பையும் சோதித்தார்கள். "ரெண்டு கண்ணுலயும் கீழ்ப்பக்கப் பார்வை நிறைய போயிருக்கு. தெரியாத இடத்தை மூளையே நிரப்பிக்கும், அதான் உங்களுக்குத் தெரியல. சொட்டு மருந்தை விடாம போட்டா, இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

"அப்போ ஸ்டூலு?"

"என்ன ஸ்டூல்?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

எல்லோரும் போன பிறகு விளக்கைப் போட்டார். காலையில் வட்டம் போட்டதிலிருந்து ஸ்டூல் இருந்த ஓரத்துக்கு அவர் போகவே இல்லை. மோவாய் நெஞ்சில் இடிக்கக் குனிந்து பார்த்தார். ஸ்டூலின் கால்கள் வட்டத்துக்குள் வைத்தது வைத்தபடி இருந்தன.

ஒரு சாண் வேண்டாம், ஒரு விரற்கடையாவது நகர்ந்திருக்கக் கூடாதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.