மருதாயி பெரியம்மா கண் திறந்த படம்

மருதாயி பெரியம்மா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆறாவது காம்பிராவில் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து. முப்பத்து நான்கு வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இவ்வளவு காலம் விடாமல் மலைக்குப் போனவர் வேறு யாருமில்லை. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது இல்லை. அவருடைய இரண்டு கண்ணும் திறந்திருக்கிற போட்டோ இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அதுதான் முதல் விஷயம்.

எல்லாம் கல்யாணத்தன்று தொடங்கியது. ஹட்டனிலிருந்து வந்த போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி அமுக்கியதும் கெமராவின் பிளாஷ் 'டப்' என்று வெடித்துவிட்டது. அந்தப் படம் இன்னும் அவர்கள் வீட்டில் டிவிக்கு மேலே தொங்குகிறது. மாப்பிள்ளை இராமையா பெரியப்பாவின் கண்கள் தட்டு மாதிரி விரிந்திருக்கும். பெண்ணின் கண்கள் இறுக மூடியிருக்கும். ஏதோ இரண்டு பேருக்குமான கண்ணை அவர் ஒருவரே திறந்து வைத்திருப்பது போல.

அன்றிலிருந்து கெமராவைக் கண்டால் பெரியம்மாவுக்குக் கண் மூடிக்கொள்ளும். மகளின் சடங்குப் படம், பேரப்பிள்ளையின் காதுகுத்துப் படம், எல்லாவற்றிலும் மூடிய கண். ஒரு வெள்ளைக்காரர் மலையில் வைத்து எடுத்து, ஊருக்குப் போய்ப் பெரிதாகக் கழுவித் தபாலில் அனுப்பியிருந்தார். பனி அழகு, மலை அழகு, கூடை அழகு, கண் மூடி. அடையாள அட்டையில் மட்டும் ஒரு கண் பாதி திறந்திருக்கிறது. அதைப் பார்த்த பொலிஸ்காரர் ஒருவர், "ஏம்மா கண்ணடிக்கிறீங்க?" என்று கேட்டாராம்.

இப்படியே போயிருக்கும். ஆனால் போன மாசி மாதம் எங்கள் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால், பஸ் ரோட்டோரத்தில், சுற்றுலாக்காரர்களுக்குத் தேயிலை விற்க ஒரு கடை கட்டினார்கள். சுவரில் நான்கு தொழிலாளர்களின் முகங்களைப் பெரிய ஓவியங்களாக மாட்டப் போவதாகக் கம்பெனி சொன்னது. ஓவியம் என்றால் யாரும் உட்கார்ந்து வரையப் போவதில்லை. போட்டோவைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அது ஓவியமாக்கித் தரும். எங்களையே செய்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடியபோது, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஜீவராஜ் ஐயா கம்பெனியின் கடிதத்தை வாசித்தார். "கொழுந்து பறிக்கிறவங்கள்ல சர்வீஸ் கூடுன ஆளு மொதல்ல. மருதாயி. மொகம் தெளிவா இருக்கணும், கண்ணு ரெண்டும் தெறந்திருக்கணும். வெள்ளிக்கிழம பின்னேரத்துக்குள்ள அனுப்பணும். இல்லாட்டி சர்வீஸ்ல அடுத்த ஆளு மீனம்மாவோட படம் போகும்."

'கண்ணு ரெண்டும்' என்றதுமே பெரட்டுக்களம் முழுக்கச் சிரித்தது.

"மீனம்மா படத்தையே இப்பவே அனுப்பிருங்கய்யா," என்றார் இராமையா பெரியப்பா. "அவ தூங்கறப்பவும் தெறந்துதான் வச்சிருப்பா."

அன்று பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெரியம்மா என் அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

"நான் செத்தாலும் கண்ண மூடுன படந்தான் மாட்டுவாங்க. உசுரோட இருக்கப்பவே அப்படித்தான் மாட்டி வச்சிருக்கு. ஒரு படத்துலயாச்சும் நான் பாக்குற மாதிரி இருக்கணும் புள்ள."

உண்மையைச் சொல்கிறேன், அதற்கு முன் நானும் அந்தக் கல்யாணப் படத்தைப் பார்த்துப் பலதடவை சிரித்திருக்கிறேன். அன்று நேரே நிரஞ்சன் அண்ணனுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

நிரஞ்சன் அண்ணன் கொட்டகலை பஜாரில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோகொப்பி, ரீலோட், இப்போது புதிதாக ஓவியம். அவர் கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கே ராஜா உடை போட்ட எண்ணெய் ஓவியம் ஒன்று சுவரில் இருக்கிறது. "அது ஒரு பிரச்சினையே இல்ல தங்கச்சி," என்றார். "கண்ண அதுவே தெறந்துரும்."

செவ்வாய்க்கிழமை அவர் மோட்டார் சைக்கிளில் வந்து அறுபது படம் எடுத்தார். அறுபதிலும் மூடிய கண். வீடியோ எடுத்து, ஒவ்வொரு நொடியாக நிறுத்திப் பார்த்தார். கண் மூடியிருந்தது, அல்லது மூடப் போய்க்கொண்டிருந்தது. ஒளிந்திருந்து எடுக்கலாம் என்று கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பெரியம்மா முற்றத்துக்கு வந்தார், நின்றார், கண்ணை மூடினார்.

"நிரஞ்சா, கோழி மெரளுது, வெளிய வாப்பா," என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

சரி, மூடிய கண் படத்தையே கொடுத்துத் திறக்கச் சொல்லலாம் என்று புதன்கிழமை முழுக்க வேலை நடந்தது. முதலில் பழைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியப் பாணி. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நீல நிறம். தலையில் கூடை மாட்டியிருந்த கயிறு முத்துப் பதித்த பட்டியாக மாறியிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணி பட்டுப்பாவாடையாகியிருந்தது. முதுகுக் கூடையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி.

"யாருய்யா இந்த தொரசாணி?" என்றார் இராமையா பெரியப்பா.

"உங்க சம்சாரம் பெரியப்பா."

"அப்ப நான் குளிச்சிட்டு வர்றேன்."

அடுத்தது தஞ்சாவூர் பாணி. அதில் தங்கம் மின்னியது, பின்னால் ஒளிவட்டம் நின்றது, கைகள் நான்கு இருந்தன. கண் மட்டும் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக நெற்றிப் பொட்டு கண்ணாகத் திறந்திருந்தது. அந்தப் படம் எப்படியோ வாட்ஸ்அப்பில் பெரட்டுக்களம் வரை போய்விட்டது.

"நாலு கைய வச்சுக்கிட்டு இத்தன வருசம் ரெண்டு கையிலதான் பறிச்சிருக்கா," என்றார் மீனம்மா அக்கா.

"நாலு கைக்கும் சேத்து நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோவ கூட்டிருவாங்க, மெதுவா பேசு," என்றார் பெரியம்மா.

மூன்றாவதாகப் புள்ளி புள்ளியாக வைத்து வரைகிற பாணி. அதில் முகம் முழுவதும் மூடுபனி இறங்கியது போல இருந்தது. கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, அது பெரியம்மாதானா, தேயிலைச் செடியா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை நிரஞ்சன் அண்ணன் காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தச் செயலி பெரியம்மாவின் கண்ணைப் பார்த்ததே இல்லை. பார்க்காததை அது வரையாது, வேறு யாருடைய கண்ணையாவது கொண்டுவந்து ஒட்டும். "அதனால நாம வார்த்தையில சொல்லணும்," என்று இராமையா பெரியப்பாவிடம் திரும்பினார். "பெரியம்மா கண்ணு எப்படி இருக்கும்? சொல்லுங்க, அப்படியே எழுதிக் குடுக்குறேன்."

பெரியப்பா கூரைத் தகரத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனின் போன் திரையிலிருந்த அந்த ராஜா நாய் ஓவியத்தைப் பார்த்தார்.

"கண்ணு... ரெண்டு இருக்கும்."

குசினியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "கல்யாணமாகி முப்பத்துமூணு வருசம்."

அவ்வளவுதான் சொன்னார். பெரியப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "கறுப்பா இருக்கும்பா. கோவம் வந்தா பெருசாகும்."

"சின்னதா இருந்து எப்பயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"நான் வீட்டுல இருக்கப்ப இல்ல."

அண்ணன் 'கோபமான பெரிய கறுப்புக் கண்கள்' என்று எழுதிக் கொடுத்தார். வந்த படத்தைப் பார்த்து என் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அச்சு அசல் எங்கள் மலையடி முனியாண்டி சாமி. மீசைகூட இருந்தது.

பெரியம்மா அந்தப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "விட்டுரு நிரஞ்சா. மீனம்மா படமே போகட்டும். அவளும் முப்பத்திரெண்டு வருசம் பறிச்சவதானே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றிரவு அவர்கள் வீட்டில் டிவி போடவில்லை. லயத்தில் ஒரு வீட்டில் டிவி போடாவிட்டால் எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், இன்னும் ஒரு நாள் தவணை கேட்பதற்காக நிரஞ்சன் அண்ணன் மலைக்கே வந்தார். அப்போது கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டாக்கு ஐயா தராசுக்குப் பக்கத்தில் நின்றார், பெண்கள் வரிசையில் நின்றார்கள். பெரியம்மாவின் முறை வந்தது. சாக்கு தராசுக் கொக்கியில் ஏறியது. முள் ஆடியது.

அப்போதுதான் அண்ணன் பார்த்தார். பிறகு எங்களிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் கையிலிருந்த மயிர் சிலிர்த்ததாகக் காட்டுவார். பெரியம்மாவின் இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்து அந்த முள்ளின் மேல் நின்றன. இமை அசையவில்லை. முள் போகிற பக்கமெல்லாம் கண் போயிற்று.

"பதினாலு," என்றார் கண்டாக்கு ஐயா. "தண்ணிக்கு ரெண்டு போக..."

"மழ நேத்துப் பெஞ்சதுங்கய்யா. இன்னிக்கு எங்க தண்ணி?"

"பனி ஈரம் இருக்கும்ல."

"பனி ரெண்டு கிலோ நிக்குமா? முள்ளு இன்னும் நிக்கலங்க. கைய எடுங்க. நின்ன பெறகு சொல்லுங்க."

நிரஞ்சன் அண்ணன் போனைத் தூக்கினார். பெரியம்மாவுக்கு நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில், தராசுக்குப் பின்னால் நின்று, பதினான்கு படம் எடுத்தார். பெரியம்மா அவரைக் காணவேயில்லை. எங்கள் மலையில் தராசு முள் ஆடும்போது பறவைக் கூட்டமே வந்து விழுந்தாலும் யாரும் திரும்ப மாட்டார்கள். இத்தனை வருடத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எங்கள் எல்லோர் கண்ணும் முள்ளில்தான் இருந்தது.

"பதினாலே முக்கா," என்று படித்தார் கண்டாக்கு ஐயா, மெதுவாக. "ஒண்ணு போக."

அன்றே தன் கடையில் உட்கார்ந்து அண்ணன் பயந்து பயந்து வேலை செய்தார். எண்ணெய் ஓவியப் பாணி, மிகக் குறைந்த அளவு. கண்ணைத் தொடாதே என்று மூன்று தடவை எழுதினார். முத்து வரவில்லை, மீசை வரவில்லை. கயிறு கயிறாகவே இருந்தது. ஓரத்தில் நின்ற கண்டாக்கு ஐயாவையும் தராசையும் அண்ணனே வெட்டிவிட்டார்.

அனுப்புவதற்கு முன் அண்ணன் தோட்டத்துக்குக் கொண்டுவந்து காட்ட, கண்டாக்கு ஐயா படத்தை வாங்கிப் பார்த்தார். "ஏன்யா, நானும் நின்னேனே, என்ன எங்க?"

"உங்கள வெட்டிட்டேங்க ஐயா."

"வெட்டுனது சரிதான்," என்றார் பின்னாலிருந்து மீனம்மா அக்கா. "தண்ணிக்குப் போச்சுன்னு நெனச்சுக்கங்க."

கடை திறந்த இரண்டாம் வாரம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் பார்க்கப் போனோம். பெரியம்மா மகளின் கல்யாணத்துக்கு எடுத்த சேலையை உடுத்தியிருந்தார். உள்ளே போனதும் கடைப் பொறுப்பில் இருக்கும் ஊர்மிளா மிஸ் எழுந்து வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியானவர்.

"நீங்களோ அந்த அம்மா?" என்றார். "கும்பிடுறன் உங்களை. உந்தப் படத்தைக் கொஞ்சம் அங்கால மாத்திவிடச் சொல்லுங்கோ. நான் தேயிலை நிறுக்கிற தராசைத்தான் நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறியள். எனக்குப் பயமாக் கிடக்கு. ஒவ்வொரு பைக்கற்றுக்கும் அஞ்சு கிராம் கூடப் போட்டுக்கொண்டிருக்கிறன்."

"போடுங்க மிஸ்," என்றார் பெரியம்மா. "சனத்துக்குத் தானே போகுது."

பிறகு அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். ஆளுயரப் படம். இராமையா பெரியப்பா பக்கத்தில் வந்து படத்தையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதேதான்," என்றார். "நான் சொன்னேன்ல, பெருசா கறுப்பா இருக்கும்னு."

"மீசையும் சொன்னீங்களா?"

பெரியப்பா போய்த் தேயிலைப் பைக்கற்றுகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பெரியம்மா சுவரிலிருந்தவரை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, அந்தக் கண்கள் நேராகத் தன்மேல் விழுகிற இடமாகப் பார்த்து நின்றார். நான் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மருதாயியும் மருதாயியும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம் இருக்கும்.

முதலில் கண்ணை மூடியது எங்கள் பெரியம்மாதான்.