வெடிக்கு அசையாத முயல்

முயலில் நல்ல சாதி எது என்று யாராவது கேட்டுவிட்டால் இன்றும் எனக்கு வாய் ஓயாது. ஒரு காலத்தில் அதற்காக நாயாய் அலைந்தவன் நான்.

அறுபதுகளின் தொடக்கம். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குச் சோதனை வேலை. லோடு ஏறுவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு வெடியை உருவி, பின்னால் இருந்த பொட்டலில் கொளுத்திப் பார்க்க வேண்டும். சத்தம் திருப்தியாக இருந்தால்தான் சரக்கு வெளியே போகும். பொட்டலை ஒட்டியே கம்பெனி எனக்கு வீடு கொடுத்திருந்தது. வேலைக்குப் பக்கத்திலேயே வீடு அமைந்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சாத்தூர்ப் பக்கம் கரிசல் கிராமத்துக்காரி. ஆடும் கோழியுமாக வளர்ந்தவள். பகலெல்லாம் தனியாக இருக்கிறாளே என்று, கல்யாணமான புதிதில் சந்தையில் ஒரு முயல் வாங்கிவந்து கொடுத்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கும், கண் மட்டும் சிவப்பு. அவள் அடுப்படியில் இருந்தால் அதுவும் அடுப்படியில் இருக்கும். அதோடு அவள் பேசிய பேச்சில் கால்வாசிகூட என்னோடு பேசியதில்லை.

தீபாவளி சீசனில் ஒரு நாள் பெரிய ஆர்டர் வந்தது. மதியம் வரை நிறுத்தாமல் வெடித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தேன். முயல் அவள் மடியில் விறைத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயமில்லை. பயத்திலேயே உயிர் போயிருந்தது. "இங்கன இனிமே எதையும் வளக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அம்மா வீட்டுக்குப் போனவள் ஒன்றரை மாதமாகியும் திரும்பவில்லை. ஆள் அனுப்பினால், பார்க்கலாம் என்று பதில் வந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான். ஒரு முயலுக்காகவா இம்புட்டு என்று தனியாகச் சமைத்துத் தின்றபடி முணுமுணுத்தேன். பிறகு, இவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று பயம் வந்தது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் வாங்கிய சாதி சரியில்லை. வெடிச்சத்தத்துக்குப் பயப்படாத சாதியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தால் வந்துவிடுவாள்.

கம்பெனியில் விசாரித்தேன். முயலை வாழ்நாளில் தொட்டுப் பார்க்காதவர்களெல்லாம் யோசனை சொன்னார்கள். சிவப்புக் கண் என்றாலே கோழை என்றார் ஒருவர். கறுப்புதான் கெட்டி என்றார் இன்னொருவர். கடைசியில் விருதுநகரில், கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முயல் வளர்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

மனிதர் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். சடை முயல் பார்க்க அழகு, ஆனால் நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. வெள்ளை சாது, பிள்ளைகள் தூக்கலாம். சாம்பல் நிறத்துக்கு உடம்பு கெட்டி, தீனிக்கும் சண்டித்தனம் பண்ணாது. எந்தச் சாதியானாலும் சத்தம் ஆகாது என்று அழுத்திச் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கட்டுக்கு ஒன்று வெடித்துப் பார்த்தே சரக்கைத் தேர்ந்தெடுத்துப் பழகியவனாயிற்றே. அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம், சட்டைப் பையில் கொண்டுபோயிருந்த ஓலைவெடியைக் கொல்லைக் கோடியில் வைத்துக் கொளுத்திவிட்டேன்.

கூண்டுக்குக் கூண்டு முயல்கள் மோதிக்கொண்டு மூலையில் ஒண்டின. ஒரே ஒரு சாம்பல் முயல் மட்டும் அகத்திக் கீரையைத் தின்றுகொண்டே இருந்தது. கம்பவுண்டர் ஓடிவந்து என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். வாங்கிக் கட்டிக்கொண்டு அந்த முயலையும் வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து நேரே மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கூடையைத் திறந்து, இது எந்த வெடிக்கும் அசையாது என்றேன். அவள் முயலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துணிமணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு மாதம் நிம்மதியாகப் போனது. முயலின் புகழ் கம்பெனி முழுக்கப் பரவி, முதலாளி வரைக்கும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் அறைக்காரர்கள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். நான் விடுவேனா? முற்றத்திலேயே ஒரு வெடியை வைத்தேன். முயல் காதைக்கூட ஆட்டவில்லை. அவர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியின் கையில் செம்பு தடதடவென்று ஆடி, பாதித் தண்ணீர் சேலையில் கொட்டியிருந்தது. அதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அவர்கள் போனதும் முயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுக்குக் காது கேக்காது. வந்த மூணாம் நாளே எனக்குத் தெரியும். தரையில காலத் தட்டுனாத்தான் திரும்பும். சொன்னா கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துருவீகன்னு சொல்லல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் முயலைத் தடவிக்கொண்டே, கோபமே இல்லாமல், தொடர்ந்து சொன்னாள்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒரு வெடியப் போட்டுப் பாத்திருந்தா, நானும் வேண்டாம்னு போயிருப்பீக."

மாட்டேன் என்றேன். தினமும் நான் கொளுத்திய ஒவ்வொரு வெடிக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தனியாக நடுங்கியிருக்கிறாள். ஒரு நாளாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா?

மறுநாள் காலையில் முதலாளியிடம் போனேன். ஒன்று, வெடித்துப் பார்க்கும் இடத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றுங்கள், இல்லையென்றால் எனக்கு ஊருக்குள் வேறு வீடு பார்த்துக் கொடுங்கள் என்றேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்னப்பா, உன் முயல் பயப்பட ஆரம்பிச்சிருச்சா?" என்று சிரித்தார்.

"முயல் இல்லைங்க. என் வீட்டுக்காரி" என்றேன்.