கச்சேரி இல்லை என்று சொன்னவர்

மனோன்மணி ரீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு வெள்ளத்தில் நடந்து வந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் தறப்பாள் விரிப்பால் கூரை போட்ட கொட்டிலுக்குள் புகுந்த தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை மோசம் போயிட்டார்," என்றார் ரீச்சர்.

எந்த அண்ணை என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான அண்ணை ஒருவர்தான், வயலின் இராமையா. முதல்நாள் இருட்டும் மைமல் பொழுதில், கொட்டிலைச் சுற்றி வெள்ளம் வடிய வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது புடையன் பாம்பு கடித்திருக்கிறது. பாதையெல்லாம் தண்ணீர். உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "எந்நேரமும் வானத்தைப் பார்த்துப் பயந்த மனுசன், காலடியைப் பார்க்கேல்ல," என்று பக்கத்துக் கொட்டில்காரர் சொன்னார். அவருடைய வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் எனக்கு என்ன உரிமை? ஒன்றரை மாதத்துக்கு முன்பு அதைவிட மோசமாக அண்ணையை ஏசியவன் நான்.

இராமையா அண்ணையைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உருத்திரபுரத்தில் அவரோடு மிளகாய்த் தோட்டம் செய்தவர்களும், அவரிடம் வயலின் படித்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரும், எங்கள் மூவரின் வாசிப்பைக் கேட்டவர்களுமான நீங்கள் இன்று விசுவமடுப் பக்கம் மரத்துக்கு மரம் சிதறிக் கிடக்கிறீர்கள். இதை ரீச்சரின் மாணவிகள் கொப்பித் தாளில் பிரதி எடுத்துக் கொட்டில் கொட்டிலாகக் கொண்டுவருவார்கள். ஏன் இப்படி வருகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் மூவரும் மூன்று திசையிலிருந்து வந்தவர்கள். அண்ணை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தேவாலயத்தில் ஆராதனைக்கு வயலின் வாசித்த கணக்கப்பிள்ளை ஒருவர், சைவப் பிள்ளை என்று பாராமல் அவருக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார். காலையில் மண்வெட்டி, பின்னேரம் வயலின். கர்நாடக இசையை முதலில் வானொலியில் கேட்டும், பிறகு சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போயும் படித்தார். ஆனால் வயலினைத் தாடைக்குக் கீழே கொடுத்துப் பிடிக்கும் தேவாலயப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. மேடையில் சம்மணம் கட்டி உட்கார்ந்து அப்படித்தான் பிடிப்பார். யாழ்ப்பாணத்து வித்துவான் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தபோது, "பிடி எப்படி இருந்தா என்னங்க, சுருதி பிசகாம இருந்தாச் சரிதானே," என்றார். முப்பது வருடத்தில் எங்கள் பேச்சுத்தான் அவர் பேச்சு. மனம் கலங்கினால் மட்டும் அந்த மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் முறையாக வீணை படித்துப் பட்டம் வாங்கியவர். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு வீணையைத் தூக்கிக்கொண்டு வந்து, உருத்திரபுரம் பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியையானார். நான் முல்லைத்தீவுத் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. தவிலின் பாரத்தைத் தூக்கப் பஞ்சிப்பட்டு மிருதங்கத்துக்கு ஓடினவன் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் முக்கால்வாசி உண்மை.

சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த இரண்டாயிரத்து இரண்டில் ஒரு கோயில் திருவிழா எங்களைச் சேர்த்து வைத்தது. வவுனியாவிலிருந்து வரவேண்டிய பாடகர் வரவில்லை. பாட்டில்லாமல் வீணையும் வயலினும் மிருதங்கமுமாக மேடை ஏறினோம். சனம் எழும்பிப் போகவில்லை. அதன்பிறகு நாலு வருடம் கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று சேர்ந்தே வாசித்தோம். பாதை மறுபடி மூடியபோது வயலின் தந்திக்கும் வழியில்லாமல் போயிற்று. அண்ணை சைக்கிள் பிறேக் கம்பியில் இழை பிரித்துக் கட்டினார். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் பூச ரவை கிடைக்காமல் நான் நிவாரண மாவைக் குழைத்தேன். "பிள்ளையளுக்கு வந்த மாவை மத்தளத்துக்குத் தீத்துறியள்," என்று மனைவி பேசினாள்.

சுருதிப்பெட்டியின் துருத்தியும் கிழிந்த பிறகு எங்களுக்கு அண்ணையின் காதுதான் சுருதி. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு வாயால் ஸட்ஜம் பிடித்துத் தருவார். ரீச்சரும் நானும் அதற்குச் சேர்ப்போம். அது பிசகி நாங்கள் அறியோம்.

பிசகியது இந்த ஆவணியில். உருத்திரபுரம் பள்ளி மண்டபத்தில் ஒத்திகை. ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கும் விமானம், நாங்கள் வண்டு என்று சொல்வது, விடிந்ததிலிருந்து தலைக்குமேல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் காதில் உறைப்பது நின்று வெகுநாளாகிவிட்டது. அண்ணை ஸட்ஜம் தந்தார். சேர்த்தோம். வர்ணத்தின் பாதியில் அண்ணை வில்லை நிறுத்தி முகட்டைப் பார்த்தார்.

"ரீச்சர், நாங்கள் எதுக்குச் சுருதி சேர்த்திருக்கிறம்?"

ரீச்சர் ஒரு தந்தியை மீட்டினார். நான் மிருதங்கத்தின் வலந்தலையை மெல்லத் தட்டினேன். மேலே இரைந்ததும் அதே சுருதிதான். மூன்று வாத்தியங்களையும் வண்டுக்குச் சேர்த்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலமாக வாசித்திருக்கிறோம். அது திரும்பி அப்பால் போகையில் அதன் சத்தம் இறங்கியது. எங்களுடையது இறங்காமல் நின்றது. ரீச்சர் வீணையிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்தார்.

அண்ணை நாலு தந்தியையும் தளர்த்திவிட்டு வயலினைப் பெட்டிக்குள் வைத்தார். "இது எனக்குள்ள பூந்துட்டுதுங்க," என்றார். பிறகு, "இனிமேல் சனத்தைக் கூட்டி வாசிக்கமாட்டன்."

"ஏன் அண்ணை?"

"நாங்கள் வாசிச்சாச் சனம் கூடும். கூடின சனம் மேலால பார்க்கிறவனுக்கு என்னெண்டு தெரியுமோ, எனக்குத் தெரியாது. தெரியாத வேலைக்கு நான் வரேல்ல தம்பி."

சண்டை நெருங்க, புரட்டாசியில் ஊரை விட்டுக் கிழக்கே நகர்ந்தோம். விசுவமடுவில் மரங்களுக்குக் கீழே நடந்த பள்ளிக்கூடத்தில் விஜயதசமிக் கச்சேரிக்கு நான் ஒழுங்கு செய்தேன். மாதக்கணக்கில் எறிகணைச் சத்தத்தையே கேட்ட சனம் ஒரு மணித்தியாலம் நல்லது கேட்கட்டும் என்று நினைத்தேன். பெருமையும் இருந்தது, மறைப்பானேன். அண்ணை சம்மதிக்கவில்லை. அவர் வராமல் இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். வந்தார். வயலின் இல்லாமல் வந்து, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் நின்று, பாயும் பிள்ளைகளுமாக வந்தவர்களை மறித்தார்.

"கச்சேரி இல்லை. வீட்டை போங்கோ. கும்பலா நிக்காதேங்கோ, ரெண்டு ரெண்டு பேராப் போங்கோ."

வண்டு மேலே நின்றது. நான் ஓடிப்போய் அத்தனை சனத்துக்கும் முன்னால் "பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்து வந்த குடும்பத்தை மறித்துக்கொண்டிருந்தார். அன்று திரும்பிப் போனவர்கள் உங்களில் பலர். என்னோடு சேர்ந்து ஏசியவர்களும் இருக்கிறீர்கள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு குண்டும் விழவில்லை. அடுத்தநாள் குழாய்க்கிணற்றடியில் அவரைக் கண்டபோது விடாமல் கேட்டேன்.

"பார்த்தியளோ அண்ணை? ஒண்டும் நடக்கேல்லையே. பிள்ளையளின்ர ஆசையைக் கெடுத்ததுதான் மிச்சம்."

அண்ணை வாளியைக் கீழே வைத்தார். "நடக்காததுக்குத்தானே தம்பி ஏசுறீர்? ஏசும். நல்லா ஏசும். அதை நான் சந்தோசமாக் கேப்பன்."

அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. பிறகு இரண்டு தரம் என் கொட்டில் வாசலுக்கு வந்து விசாரித்திருக்கிறார். நான் உள்ளேதான் படுத்திருந்தேன். குரல் கேட்டது. எழும்பவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் எட்டுப்பேர் சேர்ந்து அண்ணையைத் தகனம் செய்தோம். விறகு ஈரம், பற்ற நேரமெடுத்தது. மன்னியுங்கோ அண்ணை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. நெருப்பு வைத்த பிறகு சொன்னேன்.

வரும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று, மிஞ்சி இருக்கிற இரண்டு பேரும் அவர் நினைவாக வாசியுங்கள் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். நான் யோசிக்காமல் ஓம் என்றேன். வாசித்தால் என் நெஞ்சுப் பாரம் குறையும் என்று பட்டது. மிருதங்கத்தை வெளியே எடுத்து ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரீச்சர் வந்தார்.

"ஆருக்கு வாசிக்கப் போறம்? அண்ணைக்கோ, உங்கட மனதுக்கோ?"

"அண்ணைக்குத்தான் ரீச்சர்."

"அவர் இப்ப எழும்பி வந்தா எங்க நிப்பார் எண்டு நினைக்கிறியள்?"

துணியால் சுற்றி மிருதங்கத்தை உள்ளே வைத்தேன்.

இதை எழுதும்போதும் வண்டு மேலே நிற்கிறது. எறிகணைகள் போன கிழமையை விடக் கிட்ட விழுகின்றன. இனி எந்தப் பக்கம் போவோம், போகிற இடத்தில் எத்தனை பேர் இருப்போம், தெரியாது. அண்ணையின் வயலின் மகளிடம் இருக்கிறது. அவர் வாசித்த உருப்படிகள் ரீச்சரின் கொப்பியில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது, நான் பழித்துப் பேசிய அவருடைய மறுப்பு. நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

ஆகவே அந்தியேட்டியன்று கச்சேரி இல்லை. கூட்டமும் இல்லை, அதனால்தான் இந்த அஞ்சலி தாளில் வருகிறது. அவரவர் கொட்டிலில் இருந்தபடியே அவரை நினைத்துக்கொள்ளுங்கள். மனம் கேளாமல் வருகிறவர்களை ஒழுங்கை முகப்பில் நின்று நான் மறிப்பேன். என்ன சொல்லி ஏசினாலும் விடமாட்டேன். திரும்பும்போது சேர்ந்து போகாதீர்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள்.